சீனித்தாய் மழை

சீனித்தாய்க்கு இடுப்பு வலிச்சா எங்க ஊருக் கிழக்காட்டுல மழை பெய்யும், முதுகு வலிச்சா கண்மாய்க்குள்ள பெய்யும், விலா வலிச்சா மேக்காட்டுல பூந்தூறலாப் போட்டுட்டுப் போகும், தொடை வலிச்சா ஓடையில தண்ணி நுரைச்சுக்கிட்டு வரும். கருப்பூரணியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, இதைத்தான் சொல்லுவாங்க. நான் பாக்கியத்தாய், சீனித்தாய்க்கு அடுத்த வீடு, இட்லி அவிச்சு விக்கிறவ. எனக்குக் காடும் கிடையாது, கரையும் கிடையாது. மழை பெய்ஞ்சா என் விறகு நனையும், எனக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தம் அம்புட்டுத்தான். அதனால நான் கூட்டிக் குறைச்சுச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

ஆறேழு வருசத்துக்கு முந்தி சீனிக்கு இடது மார்புல கட்டி வந்து, மதுரைக்குப் போய் அறுத்து எடுத்துட்டு வந்தா. மாத்திரையை விடாமத் தின்னணும், வருசா வருசம் வந்து காட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினாங்க. ரெண்டு வருசம் ஒழுங்காப் போய்க் காட்டினா, அப்புறம் களையெடுப்பு வந்துச்சு, அப்புறம் மக கல்யாணம் வந்துச்சு, அப்புறம் "நல்லாத்தான இருக்கேன் மதினி, என்னத்துக்குப் போய் அந்த வாடையை மோந்துக்கிட்டு" வந்துச்சு. நானும் சரிதான்னு விட்டுட்டேன்.

அப்புறம் மழையில்லாத வருசங்களா வந்துச்சு. உழுது போட்ட காடு உழுதபடியே கிடந்து வெடிச்சு, ஆடு மாடெல்லாம் சந்தைக்குப் போய், தெருவுல சாணி வாடைகூட இல்லாமப் போன ஒரு சித்திரை மாசத்துல, ஆட்டாங்கல்லு முன்னால இருந்து எந்திரிச்ச சீனித்தாய் முதுகைப் பிடிச்சுக்கிட்டு, "என்னமோ கடுகடுன்னு குத்துது மதினி"ன்னு சொன்னா. வேற ஊரா இருந்தாத் தைலத்தைத் தேடுவாங்க, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பாங்க. எங்க ஊர்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? அவ புருசன் குருவையா வாசலுக்கு ஓடிவந்து வானத்தைப் பாத்தான். எலும்பு குடைஞ்சா மழை வரும்னு கரிசக்காட்டுல பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். சீனித்தாயே வலியை மறந்துட்டு, "மேகம் இருக்கா பாருங்க"ன்னு அவனைக் கேட்டா.

மேகம் இல்லை. ஆனாலும் சாயங்காலம் மழை பெய்ஞ்சுச்சு, கண்மாய்க்குள்ள மட்டும், கரைக்கு வெளிய ஒரு பொட்டுகூட விழாம.

இதை முதல்ல கண்டுபிடிச்சவன் மாடக்கண்ணு. அவன் எங்க கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறக்கிறதும் அடைக்கிறதும், எவன் வயலுக்கு எப்ப முறைன்னு பாத்துத் தண்ணி விடுறதும் அவன் வேலை. கண்மாய் வறண்டதுல இருந்து மண்வெட்டியைக் கட்டிலுக்கடியில தள்ளிட்டுச் சும்மா திரிஞ்சான். அந்த மழைக்கப்புறம் இன்னொரு மழை, அதுக்கப்புறம் இன்னொண்ணு, ஒவ்வொண்ணுக்கும் முந்தி சீனித்தாய் வீட்டுல ஒரு முனகல் கேக்குதுன்னு அவன்தான் கவனிச்சான். அப்புறம் எந்த எலும்புக்கு எந்தக் காடுன்னும் அவனே பிரிச்சுச் சொன்னான். அன்னையில இருந்து விடிஞ்சதும் அவ வாசல்ல வந்து நிப்பான். துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ரொம்பப் பவ்வியமாக் கேப்பான்: "அக்கா, இன்னைக்கு எங்கிட்டு?"

அவளும் சொல்லுவா. "இன்னைக்கு இடது இடுப்புடா, சுரீர்ங்குது."

உடனே அவன் கிழக்காட்டுக்காரங்க வீட்டுக்கு ஓடுவான், அவங்க கலப்பையை மாட்டுவாங்க, அவங்க வரப்புல கால் வைக்கவும் ஒரு உழவு மழை இறங்கவும் சரியா இருக்கும்.

அவளைச் சாமின்னு ஒருத்தரும் சொல்லலை. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை, சாமிக்காவது பயப்படுவாங்க. இவளைக் கண்மாய் மாதிரி ஆக்கிட்டாங்க, கண்மாய் எல்லாருக்கும் பொது. அதுக்காகக் கொலைகாரப் பாவிகன்னு நினைச்சிராதீங்க. முதல் வெண்டைக்காய் அவ வீட்டுக்குத்தான் வந்துச்சு, முதல் உளுந்து அவளுக்குத்தான், ஆட்டுப்பால் கறந்தா ஒரு செம்பு அவளுக்குன்னு ஒதுக்கினாங்க, பொம்பளைக முறை வச்சு வந்து கால் அமுக்கிவிட்டாங்க. அவளுக்கு வலிக்கட்டும்னு ஒருத்தரும் நினைக்கலை. மழை பெய்யட்டும்னுதான் நினைச்சாங்க. ரெண்டும் ஒண்ணுதாங்கிறதை நினைக்காம இருக்கிறதுக்குப் பழகிட்டாங்க, அவ்வளவுதான்.

சீனித்தாய்க்கும் அதுல ஒரு பெருமை. அதையும் சொல்லித்தான் ஆகணும். "ஒரு மார்பை அறுத்து எறிஞ்சுட்டு வந்தப்ப, ஒண்ணுக்கும் உதவாதவளாப் போயிட்டேன்னு நினைச்சேன் மதினி"ன்னு ஒருநாள் சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. சிரிச்சதுல விலா இழுத்து, மேக்காட்டுல தூறல் விழுந்துச்சு.

ஆனா ஆளு உருகிப் போனா. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுச்சு. படுத்தா எந்திரிக்க முடியலை, எந்திரிச்சா உக்கார முடியலை, சோத்தைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்கிட்டா. கண்மாய் நிறைய நிறைய இவ வத்திக்கிட்டே போனா. எனக்குப் பொறுக்கலை. குருவையாவைக் கூப்பிட்டு, "ஏப்பா, இது வாத வலி இல்லை, பழைய சீக்கு எங்கயோ தலையை நீட்டுது, மதுரைக்குக் கூட்டிட்டுப் போ"ன்னேன். அவன் தரையைப் பாத்துக்கிட்டே, "விதைப்பு முடியட்டும் அக்கா"ன்னான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "நீயெல்லாம் ஒரு மனுசனாடா, அவளை நட்டுவச்சு நீ அறுப்பு அறுக்கப் போறியாக்கும்"னு தெருவே கேக்கக் கத்திட்டு, மறுநாள் இட்லிக் கொப்பரையைக் கவுத்துப் போட்டுட்டு, நானே அவளைப் பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன்.

வழியெல்லாம் பஸ்ஸு குலுங்கக் குலுங்க, அந்தப் பஸ்ஸுக்கு மேல மட்டும் மழை. முன்னால போற லாரி காஞ்சு கிடக்குது, பின்னால வர்ற காரு காஞ்சு கிடக்குது, நாங்க மட்டும் நனைஞ்சுக்கிட்டே போறோம். கண்டக்டர் வந்து பாத்தாரு. "அந்தம்மாவுக்கு முன்னாடி சீட்டைக் குடுங்கப்பா, அங்க குலுக்கல் கம்மி, மேல மூட்டை நனையுதுல்ல"ன்னு சொல்லி ஆளை எழுப்பி இடம் குடுத்தாரு.

மதுரையில டாக்டரு ஒரு சின்ன வயசுப் பொண்ணு. பழைய தழும்பைப் பாத்ததுமே அது முகம் மாறிடுச்சு. முதுகுத்தண்டுல ஒவ்வொரு கணுவா விரலால தட்டிப் பாக்க, தட்டத் தட்ட ஜன்னல் வழியாச் சாரல் அடிக்க, நர்ஸம்மா எந்திரிச்சுப் போய்க் கதவைச் சாத்திட்டு வந்து, "போன மாசம் ஒரு பெரியவரு வந்தாரு, அவருக்கு வலிச்சா இந்தக் கட்டடத்துக்கே கரண்டு போயிரும், அதுக்கு இது பரவாயில்லை"ன்னு சொன்னாங்க. அப்புறம் ஊசியில என்னமோ மருந்தை ஏத்தி, தலையில இருந்து கால் வரைக்கும் எலும்பு மொத்தத்தையும் படம் பிடிச்சாங்க.

அந்தப் படத்தை வெளிச்சத்துல மாட்டினப்ப நான் பாத்தேன். எனக்குப் படிப்பு வாசனை கிடையாது, ஆனா எங்க ஊருக் காடு தெரியும். இடுப்புல கறுப்பா ஒரு திட்டு, அது கிழக்காடு. முதுகுத்தண்டு நெடுகக் கறுப்பு, அது கண்மாய். விலாவுல பொட்டுப் பொட்டா மேக்காடு. தொடையில நீளமா ஓடை.

"மார்புல இருந்த அதே புத்துதாம்மா, எலும்புல போய் உக்காந்திருக்கு"ன்னு டாக்டர் பொண்ணு நிதானமாச் சொல்லுச்சு. "வேரோட எடுத்துர முடியும்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா கையை விரிக்கவும் மாட்டேன். வலிக்கிற எலும்புக்குக் கதிர் பாய்ச்சினா, நீங்க கரண்டு வைக்கிறதும்பீங்களே, அதை வச்சா வலி அடங்கும். எலும்பு நொறுங்காம இருக்க மாசம் ஒரு ஊசி, புத்து பரவாம இருக்கத் தினம் மாத்திரை, வலிக்குத் தனியா ஒரு மாத்திரை. அது வலி வந்தப்புறம் தேடுற மாத்திரை இல்லை, வலி வராம இருக்க நேரம் தவறாமப் போடுற மாத்திரை. அந்தத் தொடை எலும்பு ரொம்ப நொய்ஞ்சு கிடக்கு, அந்தக் கால்ல பாரமே குடுக்கக் கூடாது. இதெல்லாம் ஒழுங்காச் செஞ்சா நல்லபடியா நாளை ஓட்டலாம்."

சீனித்தாய் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டிருந்தா. "வலி போயிருமா டாக்டரம்மா?"

"போயிரும்மா."

"முழுசாவா?"

ஆசையில கேக்குறான்னு நினைச்சு அந்தப் பொண்ணு அவ கையைப் பிடிச்சு, "முழுசா"ன்னு சொல்லுச்சு. எனக்கு அவ குரல் தெரியும். அது ஆசைப்படுற குரல் இல்லை.

அங்கயே தங்கிக் கரண்டு வச்சோம். படுக்கவச்சு, உடம்புல கோடு போட்டு, ஒரு பெரிய மிசினு சத்தமில்லாமச் சுத்துச்சு. நாள் ஆக ஆக வலி அடங்குச்சு, சுருண்டு கிடந்தவ நீட்டிப் படுத்தா, இடது பக்கமாப் புரண்டு குறட்டை விட்டுத் தூங்கினா. நான் பக்கத்துல உக்காந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கிட்டே அழுதேன். வெளிய பளீர்னு வெயிலடிச்சுச்சு.

நாங்க ஊருக்குத் திரும்பினப்ப உளுந்து பூப்பிடிச்சு நின்னுச்சு. இன்னும் ஒரே ஒரு மழை, ஒரு மழை கிடைச்சாக் காய் திரண்டுரும், இல்லைன்னாப் பூவோட உதிரும். ஊரே வந்து பாத்துச்சு. "வலி எப்படி இருக்கு தாயி?"ன்னு கேட்டாங்க. உலகத்துல எல்லாரும் சீக்காளியைப் பாத்துக் கேக்குற கேள்விதான். "இல்லவே இல்லை, சுகமா இருக்கேன்"னு அவ சொன்னா. "நல்லது, நல்லது, அதுதான் வேணும்"னு சொல்லிட்டு, கையில இருந்த ஆரஞ்சுப் பழத்தைக் கட்டில்ல வச்சுட்டுத் தங்க காலைப் பாத்துக்கிட்டே போனாங்க. மாடக்கண்ணு வந்து வாசல்ல நின்னான். ஒண்ணும் கேக்கலை. நின்னுட்டு நின்னுட்டுப் போயிட்டான். கேட்டிருந்தாக்கூட அவளால தாங்கியிருக்க முடியும்னு தோணுது.

கொஞ்ச நாள்ல மேக்காட்டுல தூறல் விழுந்துச்சு. அடுப்பை அணைச்சுப் போட்டுட்டு நான் ஓடினேன். அவ சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. அவ இடுப்புல சொருகியிருந்த வெத்தலைப் பையைப் பிடுங்கி உதறினேன், பாக்கோட பாக்கா வலி மாத்திரைக உருண்டு விழுந்துச்சு.

"ஏ சீனி! உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"பூ உதிருது மதினி."

"உதிர்ந்தா உதிரட்டும். உளுந்து செத்தா அடுத்த வருசம் விதைக்கலாம். உன்னை எங்கடி போய் விதைக்க?"

"உங்களுக்குக் காடு இருந்தாத் தெரியும்"னு சொல்லிட்டா. சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் கையை உருவிக்கிட்டேன். குருவையா கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தான். உள்ள வந்து, "மாத்திரையைத் தின்னு"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லாத அந்த ஒரு வார்த்தைக்காக அவனை நான் இன்னைக்கும் மன்னிக்கலை.

ரெண்டாம் நாள் காலையில, பொம்பளைக தண்ணிக்குடத்தோட போய்க்கிட்டிருக்கிற நேரம், சீனித்தாய் பாரம் குடுக்கக் கூடாதுன்னு சொன்ன அந்தக் காலைக் கொல்லைப்படியில ஊனி வச்சா. தொடை எலும்பு முறிஞ்சுச்சு. முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவ கத்தினது மத்தவங்களுக்குக் கேக்கலை, ஏன்னா அதுக்குள்ள வானம் மொத்தமா இறங்கிடுச்சு.

அப்படி ஒரு மழையை எங்க ஊரு கண்டது கிடையாது. முதல்ல எல்லாரும் தெருவுக்கு வந்து நனைஞ்சாங்க, அண்டா குண்டானையெல்லாம் இறவாரத்துல வச்சாங்க, கிழவங்க சட்டையைக் கழட்டிட்டு நின்னாங்க. அப்புறம்தான் மழைக்கு அடியில அந்தக் குரல் ஒவ்வொருத்தர் காதுலயா ஏறுச்சு. ஏற ஏறச் சிரிப்பு நின்னுச்சு. நான் தலைவிரிகோலமா நடுத்தெருவுல நின்னு, "இப்பப் போய்க் கேளுங்கடா, எங்கிட்டு வலிக்குதுன்னு!"ன்னு கத்தினேன். மாடக்கண்ணு மொத ஆளா ஓடிவந்தான்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சு. வந்துருச்சு, ஆனா ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்குது. ஓடை இடுப்பளவு போகுது. காலுக்கு மட்டை வச்சுக் கட்டி, சீனித்தாயைக் கட்டிலோட நாலு பேரு தூக்கினாங்க, குருவையா தலைமாட்டுல, மாடக்கண்ணு கால்மாட்டுல. ஒரு அடி வச்சாங்க, கட்டில் ஆடுச்சு, அவ துடிச்சா, மழை சாட்டை மாதிரி அடிச்சுச்சு, ஓடையில தண்ணி இன்னும் ஒரு சாண் ஏறுச்சு. அவளைத் தூக்கினா ஓடை ஏறுது, ஓடை ஏறினா அவளைக் கடத்த முடியலை. இதுதான் சங்கதின்னு புரிஞ்சதும் நாலு பேரும் சேத்துல கால் பாவாம, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, பொறந்த பிள்ளையைத் தொட்டில்ல இருந்து எடுக்கிற மாதிரி நடந்தாங்க. பின்னால ஊரே வருது. ஜென்மத்துல மழையை நிக்கச் சொல்லாத சனம், "நின்னு போ, நின்னு போ தாயி, போதும், எங்களுக்குப் போதும்"னு வானத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே வருது. குருவையா வாய்விட்டு அழுதான். அவன் அழுது அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஓடைக்கரையில கட்டிலை இறக்காம தோள்லயே வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் வலி மாத்திரையைப் பொடிச்சுத் தண்ணியில கலந்து, மழைத்தண்ணி கலந்துராம முந்தானையால மூடி, அவ வாயில ஊத்தினேன். மாடக்கண்ணு தோளை வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டு ஓடைக்குள்ள இறங்கி நின்னுக்கிட்டான். தண்ணி ஏறுதா ஏறுதான்னு பாத்தே வாழ்ந்தவன், மார்பு வரைக்கும் தண்ணியில நின்னு, குளிர்ல பல்லு தந்தியடிக்க, கொஞ்ச நேரம் கழிச்சு என்னைப் பாத்துக் கத்தினான்: "இறங்குது சித்தி! இறங்குது!" எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நின்னாங்க. ஏன்னா, அவளுக்கு வலி அடங்குச்சா, இல்லை அவளே அடங்கிட்டாளான்னு ஒருத்தருக்கும் தெரியலை, பாக்கவும் துணிச்சல் இல்லை. நான்தான் குனிஞ்சு மூக்குல விரலை வச்சேன். சுடுமூச்சு வந்துச்சு.

ஓடையைத் தாண்டி மதுரைக்குக் கொண்டு போனோம், எலும்புக்குள்ள கம்பி வச்சாங்க, தொடைக்கும் கரண்டு வச்சாங்க, அனுப்பினாங்க. டாக்டர் பொண்ணு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "இனி நாள் கம்மிதாம்மா, வலியில்லாமப் பாத்துக்குங்க"ன்னு சொல்லுச்சு.

அந்த வெள்ளத்துல உளுந்து அழுகிப் போச்சு. அதுக்கப்புறம் பொட்டு மழை கிடையாது. தண்ணி லாரி வந்துச்சு, பயக எல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாங்க. ஆனா அவ வீட்டுக்கு வந்து வலியைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை. மாடக்கண்ணு மாத்திரைக்கு முறை பாக்க ஆரம்பிச்சான். நேரம் ஆனதும் வாசல்ல நிப்பான், "போட்டாச்சா?"ம்பான், போட்டாச்சுன்னு சொன்னாத்தான் நகருவான். குருவையா அவளுக்குத் தலைசீவி விட்டான், சோறூட்டினான். அவளும் ஊட்டினதைத் தின்னா.

அடுத்த புரட்டாசியில ஒருநாள் காலையில மழை பிடிச்சுச்சு. கொட்டுற மழை இல்லை, கிழக்காட்டுலயும் மேக்காட்டுலயும் ஒண்ணுபோல விழுற, விதைக்கிறதுக்குன்னே பெய்யிற பதமான மழை. ஊரு காட்டுக்கு ஓடலை. அவ வீட்டுக்கு ஓடிவந்துச்சு. பயந்து, மூச்சு வாங்கி, வாசலை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு.

சீனித்தாய் கட்டில்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு எல்லாரையும் பாத்துச் சிரிச்சா. "எனக்கு ஒண்ணும் செய்யலப்பா. இது சும்மா மழை. ஊரு உலகத்துக்கெல்லாம் பெய்யிற மழை. போய் விதைங்க."

"நிசமாவாக்கா?"ன்னு மாடக்கண்ணு கேட்டான்.

"நிசமாடா. மாத்திரைகூட நீ இருக்கும்போதுதான தின்னேன்."

அவங்க முகத்துல வந்த வெளிச்சத்தை நான் என்ன சொல்ல. விதைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு, ஆணும் பொண்ணுமா விழுந்தடிச்சு ஓடினாங்க. குருவையா அவ கன்னத்தைத் தடவிட்டு அவனும் ஓடினான். நான் மட்டும் போக இடமில்லாம உக்காந்திருந்தேன். அவ சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா, ஆனா போர்வைக்கு வெளிய கால்விரல் பத்தும் உள்பக்கமா மடங்கி இறுகிக் கிடந்துச்சு.

தலையணையைத் தூக்கினேன். நாக்குக்கடியில ஒதுக்கி ஒதுக்கித் துப்பின மாத்திரைக, பாதி கரைஞ்சு ஒட்டிக் கிடந்துச்சு.

"கொஞ்சம் பொறுங்க மதினி"ன்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு. "விதைச்சு முடிக்கட்டும்."

நான் பொறுக்கலை. மாத்திரையைப் பொடிச்சுக் கலந்து, தாடையைப் பிடிச்சு ஊத்தி, முழுங்குற வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டேன். திமிறினா. என் கையைக் கடிச்சா. "பாவி, பாவி"ன்னு திட்டினா. அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, "திட்டுடி, என் தங்கம், நல்லாத் திட்டு"ன்னு நானும் அழுதேன். மெல்ல மெல்லத் திட்டு முனகலாச்சு, முனகல் மூச்சாச்சு, கால்விரல் ஒவ்வொண்ணா விரிஞ்சுச்சு. இறவாரத்துல தண்ணி சொட்டி முடிச்சுச்சு. வெயில் வந்துச்சு.

பாதி விதைச்ச கையோட ஊரு திரும்பி வந்துச்சு. வாசல்ல நின்னு தூங்குறவளைப் பாத்தாங்க, பல்லுத்தடம் பதிஞ்ச என் கையைப் பாத்தாங்க. நான் எந்திரிச்சு நின்னேன், யாராவது ஒரு வார்த்தை கேக்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன். மாடக்கண்ணு விதைப்பெட்டியைத் திண்டுல இறக்கி வச்சுட்டு, ஈரக்கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு உள்ள வந்தான்.

"அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு சித்தி?"ன்னு கேட்டான்.